எதுகைச் சொல் தொகுத்தளித்த வீரமாமுனிவர்

சென்ற ஆண்டு நம் பள்ளியின் கவிதைப் போட்டிக்கு மாணவர்களை ஆயத்தம் செய்துகொண்டிருந்த வேளையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தாயகத்தில் வாழும் தன் பாட்டியைப் பற்றிப் பாடல் எழுத விரும்பினாள். முதலடியைப் பாட்டி என்னும் சொல்லால் தொடங்கினாள். அதன்பின் எழுதுகோல் நகரவில்லை. அவள் கிழமை நாட்களில் பயிலும் பள்ளியில், அடிகளின் இறுதியில் ஒலி ஒத்துவரும் சொற்களைத் தேடி அமைப்பதே பாட்டு என்று கற்பித்திருந்தனர். அவ்வாறு ஒலி ஒத்த சொற்களைத் திரட்டித் தரும் தனி அகராதி ஒன்றும் அப்பள்ளி நூலகத்தில் உண்டாம். தமிழிலும் அப்படி ஓர் அகராதி இருக்கின்றதா என்று அவள் நம்மைக் கேட்டாள்.

உண்டு என்று விடை கூறினோம். அது 1732ஆம் ஆண்டிலேயே எழுதப்பெற்றது என்றும், எழுதியவர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர் என்றும், முப்பது வயது நிரம்பிய பின்னரே தமிழ் நெடுங்கணக்கை எழுதப் பழகியவர் என்றும் சொன்னபோது, அம்மாணவி மட்டுமன்று, வகுப்பின் பின்வரிசையில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்த பெற்றோரும் நிமிர்ந்து பார்த்தனர். அப்பெரியார்தாம் வீரமாமுனிவர். அவருடைய வாழ்வையும், தமிழ்ப் பாட்டெழுதுவோர்க்கு அவர் செய்துவைத்த அரிய உதவியையும் இம்மலர் வாயிலாக நம் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

இத்தாலியில் பிறப்பு

வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அண்மையில் காஸ்திக்லியோனே என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் வீரமாமுனிவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயரை நம் பாடநூல்கள் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்று வழங்கும். இளமையிலேயே துறவு வாழ்வில் நாட்டங் கொண்ட அவர், 1698ஆம் ஆண்டு இயேசு சபையில் சேர்ந்தார். இராவென்னா, பொலோஞா ஆகிய நகரங்களில் தங்கி மெய்யியலும் இறையியலும் பயின்றார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், போர்த்துக்கீசியம் முதலிய மொழிகளில் பயிற்சி பெற்றார். 1709ஆம் ஆண்டு குருவாகத் திருநிலைப்படுத்தப் பெற்றார்.

இராவென்னா நகரம் இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தே 1321ஆம் ஆண்டில் மறைந்து அடக்கம் செய்யப்பெற்ற இடமாகும். தாந்தேயின் பெருங்காப்பியம் அடிதோறும் இறுதியில் ஒலி ஒன்றிவரும் அமைப்பினது. இத்தாலிய மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் அடியிறுதியில் ஒலி ஒத்துவரும் சொற்கள் ஏராளமாகக் கிடைக்கும். அத்தகைய சொற்களைத் திரட்டி வரிசைப்படுத்திய நூல்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே அந்நாட்டில் அச்சாகியிருந்தன. பாட்டின் இனிமை அடியின் இறுதியில் உள்ளது என்று எண்ணும் நாட்டில் வளர்ந்தவர் அவர். அந்தச் செவியோடுதான் தமிழகத்திற்கு வந்தார் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

தமிழகம் வருதல்

மதுரையை நடுவாகக் கொண்டு இயேசு சபையினர் சமயப்பணி ஆற்றிவந்த காலம் அது. தத்துவ போதகர் எனத் தமிழில் பெயர் கொண்ட இராபர்ட் டி நொபிலி 1606ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்து, இம்மண்ணின் மொழியையும் வாழ்க்கை முறையையும் ஏற்று அப்பணிக்கு வழிவகுத்திருந்தார். அவர் காட்டிய நெறியைப் பின்பற்ற விரும்பிய பெஸ்கி, லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி 1710ஆம் ஆண்டு கோவா வந்தடைந்தார். மறு ஆண்டு தமிழகம் புகுந்தார். அப்போது அவருக்கு அகவை முப்பது.

வந்தவர் தம் நடையுடைகளைத் தமிழ்த் துறவியர்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். புலால் நீக்கினார். பெயரையும் தைரியநாதர் என்று மாற்றிக்கொண்டார். பின்னர் அதுவே செந்தமிழ்ப் படுத்தப்பெற்று வீரமாமுனிவர் என வழங்கலாயிற்று. காமநாயக்கன்பட்டி, ஏலாக்குறிச்சி, கோனான்குப்பம் முதலிய ஊர்களில் தங்கிப் பணிபுரிந்தார். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டவரும் அவரே. அவ்வூர்ப் பெயரால் ஒரு கலம்பகமும் பாடினார்.

சமயம் பரப்ப வந்தவருக்குத் தெருவில் பேசும் தமிழே போதுமானதாக இருந்திருக்கும். அவரோ அதனோடு அமையவில்லை. மதுரைச் சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களை முறையாகப் பயின்றார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியில் பெயர்த்தார். பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்து, பேச்சு வழக்கிற்குக் கொடுந்தமிழ் இலக்கணம் என்றும், இலக்கிய வழக்கிற்குச் செந்தமிழ் இலக்கணம் என்றும் தனித்தனியே இலத்தீனில் நூல் செய்தார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவ்வச்சகம் லூத்தரன் சபையினருடையது. அவர்களுடைய கொள்கைகளை மறுத்து முனிவர் நூல்கள் எழுதியவர். கொள்கையில் எதிர்நின்றோரும் அவருடைய தமிழறிவை ஏற்றுப் போற்றினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அடியின் தொடக்கத்தில் ஓர் இனிமை

தமிழ்ப் பாக்களைக் கற்கத் தொடங்கிய முனிவர்க்குப் புதியதோர் உலகம் எதிர்ப்பட்டிருக்கும். அடியின் இறுதியில் ஒலி ஒன்றிவருவதைத் தமிழர் அறியாதவர் அல்லர். அதனை இயைபு என்பர். ஆயினும் தமிழ்ச் செய்யுளில் தலைமை பெறுவன மோனையும் எதுகையுமே. முதலெழுத்து ஒன்றிவருவது மோனை. முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. ஐரோப்பியப் பாட்டில் செவி அடியின் முடிவை எதிர்நோக்கிக் காத்திருக்கும். தமிழ்ப் பாட்டிலோ அடி எடுத்த எடுப்பிலேயே செவிக்கு விருந்து கிடைத்துவிடும்.

மாணவர்கள் இவ்விலக்கணத்தை எளிதில் உணரும் பொருட்டுச் சில சொற்களைக் காட்டுவோம். பட்டு, கட்டு, மெட்டு, சிட்டு என்பன ஒன்றற்கொன்று எதுகை. இவை யாவும் குறிலில் தொடங்கி, இரண்டாவதாக டகர மெய்யைப் பெற்றுள்ளன. பாட்டு, கேட்டு, வீட்டில், தோட்டம் என்பனவும் தம்முள் எதுகையே. இவை நெடிலில் தொடங்குவன. ஆனால் பட்டு என்பதும் பாட்டு என்பதும் எதுகை ஆகா. இரண்டாம் எழுத்து ஒன்றாயினும் முதலெழுத்தின் அளவு மாறிவிட்டது. தோட்டம் என்பது பாட்டு என்னும் சொல்லின் ஈற்றோடு ஒத்திராவிடினும் எதுகையாகும். ஏனெனில் எதுகைக்கு ஈறு பொருட்டன்று. இச்சிறு விதியை உள்ளத்தில் வாங்கிக்கொண்டால் தமிழ்ப் பாட்டின் பாதி மறைபொருள் விளங்கிவிடும்.

இவ்விடத்தில் முனிவர் செய்ததாகக் கூறப்படும் எழுத்துச் சீர்திருத்தத்தையும் சுட்டுதல் தகும். முற்காலத்தில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டும், நெடில்களுக்குப் புள்ளியின்றியும் எழுதினர். ஓலையில் எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியை விட்டுவிடுவர். அதனால் கெட்டு என்பதா கேட்டு என்பதா, கொடு என்பதா கோடு என்பதா என்று படிப்போர் மயங்குவர். நெட்டெழுத்தை வேறு வடிவால் காட்டி இம்மயக்கத்தை நீக்கியவர் வீரமாமுனிவர் என்று எழுத்து வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். குறில் நெடில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத ஏட்டில் எதுகையும் தெளிவுறத் தெரியாது அன்றோ? வேற்று மொழியிலிருந்து வந்து எழுத்தெழுத்தாகக் கற்றவருக்கே அவ்விடர் நன்கு புலப்பட்டிருக்கும். நம் பிள்ளைகள் ஏகாரக் கொம்பை எழுதும்போதெல்லாம் அவர் நினைவைப் போற்றுதல் கடன்.

தேம்பாவணி

முனிவரின் புலமைக்குச் சிகரமாய் விளங்குவது தேம்பாவணி என்னும் காப்பியம். சூசையப்பரை வளன் என்னும் தமிழ்ப் பெயரால் தலைவராக்கிப் பாடப்பெற்றது. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்டது. 1726ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது. அப்போது அவர் தமிழகம் வந்து பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

இவ்வெண்களைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பாடல்கள் நான்கடியால் அமைவன. எனவே மொத்த அடிகள் 14,000க்கு மேற்படும். ஒவ்வொரு பாடலிலும் நான்கு அடிகளின் முதற்சொற்களும் எதுகையால் இணைதல் வேண்டும். வேண்டிய சொல் வேண்டிய இடத்தில் வந்து விழ வேண்டும். அச்சொல் கதைக்குப் பொருந்த வேண்டும். சந்தத்திற்கும் இசைய வேண்டும். தாய்மொழிப் புலவர்க்கே அரிய இச்செயலை நடுவயதில் தமிழ் கற்ற ஒருவர் செய்து முடித்தார்.

அயல்நாட்டார் ஒருவரால் இத்தகைய காப்பியம் பாட இயலுமோ என்று ஐயுற்றோரும் உளர். அவருக்குத் தமிழ் கற்பித்த புலவரே பாடியிருக்கலாம் என்று கருதியோரும் உளர். ஆசிரியரின் துணை இன்றி எந்த மாணவரும் உயர்வதில்லை. தமிழ்ப் புலவர்கள் பலர் அவருக்கு உதவியிருப்பர் என்பதை ஒப்புவதில் முனிவரின் பெருமை குறைந்துவிடாது. ஆயினும் அவருடைய பிற நூல்களை நோக்கும்போது, சொற்களை ஒவ்வொன்றாகத் திரட்டி, வகுத்து, வரிசைப்படுத்தித் தம் உடைமை ஆக்கிக்கொண்ட ஓர் உழைப்பாளியை நாம் காண்கின்றோம். காப்பியம் என்னும் மாளிகையை நோக்கி வியப்போர், அதற்குக் கல்லும் மரமும் சேர்த்த கொட்டகையையும் நோக்குதல் வேண்டும். அக்கொட்டகையே சதுரகராதி என்பது நம் எண்ணம்.

நான்கு வாயில் கொண்ட அகராதி

வீரமாமுனிவர்க்கு முன்னர்த் தமிழில் சொற்பொருள் கூறும் நூல்கள் இல்லாமல் இல்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் நெடுங்காலமாக வழக்கில் இருந்தன. அவை செய்யுள் வடிவின. மாணாக்கர் அவற்றை மனப்பாடம் செய்வர். மனப்பாடம் செய்தவர்க்கு அவை கைவிளக்கு. செய்யாதவர்க்கோ பூட்டிய பெட்டி. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகை முறையில் அடுக்கியிருப்பதும், 1594ஆம் ஆண்டில் சிதம்பர இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு அகர வரிசையைக் கையாண்டிருப்பதும் முனிவர்க்கு முன்னரே தமிழர் கண்ட நெறிகள். அவ்விரு நெறிகளையும் ஒன்றாக்கி, பாட்டாக அன்றி, எழுத்தறிந்த எவரும் திறந்து பார்க்கத்தக்க அகராதி நூலாகச் செய்தளித்ததே முனிவரின் தனிச்சிறப்பு.

1732ஆம் ஆண்டில் அவர் நிறைவு செய்த சதுரகராதி, பெயருக்கேற்ப நான்கு பகுதிகளை உடையது. முதலாவது பெயரகராதி. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை உரைப்பது. மா என்பது மரத்தையும் விலங்கையும் பெருமையையும் குறிப்பதுபோல் வருவன இவ்வகை. இரண்டாவது பொருளகராதி. ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தொகுப்பது. கடலுக்கு ஆழி, பரவை, முந்நீர், புணரி எனப் பெயர்கள் பலவாதல் போல்வன இவ்வகை. மூன்றாவது தொகையகராதி. முத்தமிழ், நானிலம், ஐம்பொறி, அறுசுவை என எண்ணால் தொகுத்து வழங்குவனவற்றை விளக்குவது. நான்காவதே நம் மாணவி தேடிய தொடையகராதி. எதுகையாக அமையத்தக்க சொற்களை ஒருங்கே திரட்டித் தருவது.

இந்நான்கும் தனித்தனி நூல்கள் போலத் தோன்றினும், பாட்டெழுதுவோர்க்கு ஒன்றுக்கொன்று துணை நிற்பன. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். முதலடியைத் தோழி என்று தொடங்கிய மாணவர் ஒருவர், இரண்டாம் அடியில் கடலைப் பாட விரும்புகிறார் எனக் கொள்வோம். தோழிக்குக் கடல் எதுகையாகாது. அதற்காகக் கடலைக் கைவிட வேண்டுமா? வேண்டுவதில்லை. கடலின் பிற பெயர்களைத் தேடினால் ஆழி என்னும் சொல் கிடைக்கும். தோழிக்கு ஆழி எதுகை. நாழி, கோழி, மேழி, ஊழி, வாழி என்பனவும் அவ்வினத்தனவே. முதலடி இரவு என்று தொடங்கியிருப்பின் ஆழி உதவாது, பரவை உதவும். ஒரு பொருளுக்குப் பல சொற்களை அறிந்திருப்பது வெறும் அணிகலன் அன்று. பாட்டின் பொருளைச் சிதைக்காமல் ஓசையைக் காக்கும் கருவி அது என்பது இதனால் விளங்கும். எதுகைக்காகப் பொருளை விற்பவன் நல்ல கவிஞன் ஆகான். சொற்செல்வம் மிக்கவனுக்கோ அவ்வாறு விற்கவேண்டிய வறுமை நேர்வதில்லை.

முனிவர் தாம் தொகுத்த சொற்களைத் தமக்கென வைத்துக்கொண்டிருக்கலாம். காப்பியமோ முடிந்துவிட்டது. புகழும் வந்துவிட்டது. ஆயினும் பின்வரும் மாணாக்கர் தாம் பட்ட பாடு படலாகாது என்னும் நல்லெண்ணமே அத்தொகுப்பை நூலாக்கத் தூண்டியிருக்கும் என்று நாம் கருதுகின்றோம். ஏணியில் ஏறியவர் அதனை எடுத்துவிடாமல் பிறர்க்கும் சார்த்திவைத்துச் சென்றார்.

பிற பணிகளும் இறுதி நாட்களும்

எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை முனிவர் 1730ஆம் ஆண்டில் இயற்றினார். அறிஞர்கள் அதனைக் குட்டித் தொல்காப்பியம் என்று பாராட்டுவர். உரைநடை வளர்ச்சிக்கும் அவர் பணி பெரிது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களோடு அல்லற்படும் பரமார்த்த குருவின் கதையைக் கேட்டுச் சிரிக்காத குழந்தை உண்டோ? அந்நகைச்சுவைக் கதையை எழுதியவரும் தேம்பாவணி பாடிய அம்முனிவரே.

திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிபைக் காணச் செல்லும் பொருட்டு உருது மொழியையும் குறுகிய காலத்தில் கற்றார் என்றும், அவருடைய எளிமையைக் கண்டு வியந்த சந்தா சாகிபு தூய துறவி எனப் பொருள்படும் இஸ்மத் சன்னியாசி என்னும் பட்டத்தை அளித்தார் என்றும் கூறுவர். 1741ஆம் ஆண்டில் மராட்டியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைப்பிடித்தனர். போரும் கொள்ளையும் நாட்டை அலைக்கழித்த அக்காலத்தில் முனிவர் தெற்கு நோக்கிச் செல்ல நேர்ந்தது. தம் இறுதிக் காலத்தைக் கேரளத்து அம்பலக்காட்டில் கழித்து, 1747ஆம் ஆண்டு அங்கே மறைந்தார்.

அம்பலக்காட்டிற்கும் தமிழ் அகராதிக்கும் ஓர் அரிய தொடர்பு உண்டு. முனிவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1679ஆம் ஆண்டில், அந்தாம் தெ புரோவென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அவ்வூரில்தான் அச்சிடப்பெற்றது. தமிழ்ச் சொற்களைத் தேடித் தொகுத்த ஒருவர், அத்தகைய முயற்சியின் தொட்டிலாய் விளங்கிய ஊரிலேயே கண்மூடினார்.

அவர் மறைந்த பின்னர் அவருடைய நூல்களுக்கு நல்ல காலம் உடனே வரவில்லை. 1773ஆம் ஆண்டில் இயேசு சபையே கலைக்கப்பட்டது. ஏடுகள் ஊரூராகச் சிதறின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லிஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் வேண்டுகோளின்படி முத்துசாமிப் பிள்ளை என்பார் ஊர்தோறும் சென்று அவ்வேடுகளைத் தேடினார். முனிவரின் வரலாற்றையும் அவரே எழுதினார். பரமார்த்த குருவின் கதை 1822ஆம் ஆண்டு இலண்டனிலும், சதுரகராதி 1824ஆம் ஆண்டு சென்னையிலும் அச்சேறின. எழுதப்பெற்று 92 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவ்வகராதி அச்சு வடிவம் கண்டது. இடையில் அதனைப் படியெடுத்தும் பாதுகாத்தும் வைத்த பெயர் தெரியாத தமிழர்களை நாம் மறத்தலாகாது. 1968ஆம் ஆண்டு சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது கடற்கரையில் முனிவர்க்குச் சிலை எழுப்பித் தமிழகம் தன் நன்றியைக் காட்டியது.

நாம் கற்க வேண்டுவது

இவ்வரலாற்றைக் கேட்ட தந்தையார் ஒருவர் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். முனிவர் தமிழ் ஒலிக்கும் நாட்டில் முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். நம் பிள்ளைகளுக்கோ கிழமைக்கு இரண்டு மணி நேரமே தமிழ். இருவரையும் ஒப்பிடுவது முறையாகுமா என்று அவர் கேட்டார். அவ்வினா நேர்மையானது. முனிவரைச் சூழ்ந்திருந்த தமிழ் நம் பிள்ளைகளைச் சூழ்ந்திருக்கவில்லை. அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. நம் பிள்ளைகள் எல்லாரும் காப்பியம் பாடுவர் என்று எதிர்பார்ப்பதும் பொருந்தாது.

ஆனால் முனிவரின் முறையை நாம் பின்பற்றலாம். அறியாத சொல்லைக் கண்டால் அஞ்சி விலகாமல் எடுத்து எழுதி வைத்தார், எழுதியதை இனம் பிரித்தார், பிரித்ததைப் பயன்படுத்தினார். இம்மூன்றும் இரண்டு மணி நேர வகுப்பிலும் இயல்வனவே. ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பேட்டைத் தமக்கெனத் தொடையகராதியாக வைத்துக்கொள்க. ஒரு பக்கத்தின் தலைப்பில் ஒரு சொல்லை எழுதுக. அதற்கு எதுகையாகும் சொற்களைக் குறில் வேறாகவும் நெடில் வேறாகவும் பிரித்துக் கீழே எழுதிவருக. வாரம் ஐந்து சொற்கள் சேர்ப்பினும் ஆண்டொன்றுக்கு இருநூற்றைம்பதுக்கு மேல் சேரும். இக்காலத்தில் கணிப்பொறி நொடியில் சொற்களைத் தேடித் தரும் என்பது உண்மையே. ஆயினும் வந்து குவியும் சொற்களுள் எது நம் பொருளுக்குரியது என்று தெரிந்தெடுக்க, நாமே தொகுத்துப் பழகிய மனம் வேண்டும்.

இனித் தொடக்கத்தில் கூறிய மாணவியிடம் திரும்புவோம். பாட்டி என்னும் சொல்லின் கீழ் அவள் முதலில் குட்டி, சட்டி, கட்டி என்று எழுதினாள். முதலெழுத்துக் குறிலாதலின் அவை ஆகா என்று விளக்கினோம். பின்னர் அவளே வீட்டில், கேட்டு, ஊட்டி, காட்டி எனக் கண்டெடுத்தாள். அதற்குமேல் சொல் கிடைக்காமையால், அன்றிரவு தாயகத்துப் பாட்டியிடமே தொலைபேசியில் கேட்டாளாம். அவ்வம்மையார் தோட்டம், கூட்டு, மீட்டி என்று வரிசையாகச் சொல்லி, அரிசி தீட்டிய கதையையும் சொன்னாராம். தீட்டுதல் என்பதற்கு ஓவியம் தீட்டுதல் என்னும் பொருளை மட்டுமே அறிந்திருந்த பேத்திக்கு, உரலில் இட்டு அரிசியைத் தவிடு போகக் குற்றுதலும் தீட்டுதலே என்று அன்றுதான் தெரிந்தது. வழக்கமாக நலமா, உண்டாயா என்னும் அளவில் முடியும் பேச்சு, அன்று ஒரு மணி நேரம் நீண்டதாக அவளுடைய தாயார் நம்மிடம் கூறினார்.

அப்பாடல் போட்டியில் பரிசு பெறவில்லை. ஓரிடத்தில் சந்தமும் தவறியிருந்தது. எனினும் அதன் நான்காம் அடி அரிசி தீட்டிய கைகளைப் பாடியது. அக்கைகளுக்கு உரியவரே அந்தச் சொல்லையும் கொடுத்திருந்தார். எதுகை தேடுதல் என்பது ஒலி ஒத்த சொற்களைத் தேடுதல் மட்டுமன்று. அச்சொற்களை வைத்திருக்கும் மனிதர்களைத் தேடிச் செல்லுதலும் ஆகும். முனிவர் கடல் கடந்து வந்து நம் முன்னோரிடம் அவ்வாறு தேடினார். கடல் கடந்து வந்து வாழும் நாமோ தொலைபேசியை எடுத்தாலே போதும். சொல் கேட்டால் தருவதற்கு முதியோர் இருக்கும்போதே நம் பிள்ளைகள் கேட்கட்டும். குறிப்பேட்டின் முதற்பக்கத்தை இவ்விழா நாளிலேயே தொடங்குவோமாக.